இளநீர் வாங்கித் தராத டிரைவர்

108-க்கு அடித்தால் வண்டி வரும். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளை வீட்டில் கொண்டுவிட 102. அங்கே இறந்துபோனவரை ஊர் சேர்க்க 155377. விபத்து, பிறப்பு, இறப்பு மூன்றுக்கும் நம்பர் இருக்கிறது. மிச்சப்பட்டவர்கள்தான் நிறையப் பேர்: வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறவர், புற்றுநோய்க்குக் கரண்டு (கதிர்வீச்சு) வைக்க மதுரைக்குப் போகிற அம்மா, ஒரு பக்கம் கைகால் விழுந்து பிசியோதெரபிக்குப் போகிற தாத்தா. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இவர்களுக்கு இருப்பதெல்லாம் தெருவில் கார் வைத்திருக்கும் ஒரு தம்பியின் செல் நம்பர்தான்.

அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீடே இப்படிச் சிகிச்சைக்குப் போய்வரும் வண்டிக் கூலியையும் ஏற்கிறது. நம் பக்கத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் கண்புரை என்று தெரிந்தவர்களை பஸ்ஸில் கூட்டிப்போய், ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. ஆனால் கண்புரை ஒரு தடவையோடு முடிகிற விஷயம். டயாலிசிஸ் மாதத்துக்குப் பதின்மூன்று நடை. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை, போய்வருவது கைக்காசு.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன வேலை? ஓட்டுவது கொஞ்சம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர் போல, அரை மணி நேரம். மெஷினில் படுத்திருப்பது நாலு மணி நேரம். வேலையின் மீதியெல்லாம் ஏற்றுவதும் இறக்குவதும்.

டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு ஒரு கையில் ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள். ரத்தம் போய்வரும் வழி அது. எழுப்பிவிடுகிறேன் என்று அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பையை மாட்டக் கூடாது. முடிந்து வரும்போது பிரஷர் இறங்கியிருக்கும். கதவைத் திறந்ததும் காலைக் கீழே வைத்துக் கொஞ்சம் உட்காரச் சொல்லி, தலைசுற்றல் இல்லை என்றால்தான் எழுப்ப வேண்டும். ஏறும்போது முதலில் இடுப்பு, அப்புறம் கால்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் பாசம்தான் ஆபத்து. “வெயிலா இருக்கு, ஒரு இளநீர் சாப்பிடுங்கண்ணே” என்று வண்டியை ஓரங்கட்டுவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நின்றவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயமே தடுமாறும். பால்கோவா வாசனை அடிக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு சோதனை: பாலில் பாஸ்பரஸ். தண்ணீருக்கும் அளவு உண்டு. நல்ல டிரைவர் எதையும் வாங்கித் தருவதில்லை. பாவி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வண்டி நுழைவது சிரமம். அதற்காக டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது. விவரமானவர் முந்தின நாளே போன் போட்டு, விடியுமுன் கிளம்புவோம் என்பார்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று. 7,500 கிலோ வரையுள்ள வண்டியை சாதாரண கார் லைசென்ஸிலேயே வாடகைக்கு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அது ஓட்டுகிறவருக்கு, வண்டிக்கு மஞ்சள் போர்டு வேண்டும். சொந்த போர்டில் வாடகை ஓட்டி ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க வழி இருக்கிறது. கூப்பிடுகிறவர்களும் வெயிட்டிங் சார்ஜை வண்டியில் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்; மதுரை ஸ்கேனுக்குப் போனால் பாதி நாள் வாசலில் கிடப்பது அவர்தான்.