அழுத்தமானி காட்டாத வேலை

மாரடைப்பிலிருந்து தப்பி வீடு திரும்பியவரின் மருந்துச் சீட்டில் ராமிப்ரில் என்றோ டெல்மிசார்டன் என்றோ ஒரு பெயர் இருப்பதுண்டு. பார்க்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இது பிரஷர் மாத்திரையாச்சே, உங்களுக்குத்தான் பிரஷரே கிடையாதே?" என்பார். நியாயமான கேள்விதான். விடை தேட, அந்த மாத்திரைகள் மடக்கும் ஹார்மோனின் கதைக்குப் போக வேண்டும்.

1898-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டைகர்ஸ்டெட்டும் அவர் மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. சாற்றிலிருந்த அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். ரெனின் தானாக அழுத்தத்தை ஏற்றுவதில்லை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. கல்லீரல் தரும் ஒரு புரதத்தை அது வெட்டுகிறது. வெட்டிய துண்டை ஏசிஇ என்ற இன்னொரு நொதி மேலும் நறுக்குகிறது. அப்போது பிறப்பதுதான் ஆஞ்சியோடென்சின்-2. எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பொடியன் ரத்தக் குழாய்களை இறுக்குவான், ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைத்து உப்பையும் நீரையும் உடலில் தேக்குவான். அடிபட்டு ரத்தம் வடிகிற வேளையில் உயிர் காக்கும் ஏற்பாடு இது.

ஆனால் அதே ஹார்மோன் குழாயின் சுவரிலும் கை வைக்கிறது. தமனி அடைப்பைத் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதுபோல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது சுவருக்குள்ளே நடக்கும் அழற்சி. ஆஞ்சியோடென்சின்-2 சுவரின் செல்களில் ஒட்டியதும் சூப்பர்ஆக்சைடு என்ற மூர்க்கமான ஆக்சிஜன் வகை உற்பத்தியாகிறது. குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது அழித்துவிடும். உள்படலம் பிசுபிசுப்பாகி, போகிற வெள்ளணுக்களைப் பிடித்து உள்ளே இழுக்கும். அவை கெட்ட கொழுப்பை விழுங்கி உப்பித் திட்டாகும். அந்தத் திட்டுக்குள்ளேயே ஏசிஇ இருப்பதால், ஹார்மோன் அங்கேயும் தயாராகிறது.

அழுத்தம் ஏறியதால் வந்த சேதத்தை ஹார்மோனின் தலையில் கட்டுகிறோமோ? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட சோதனை இந்தச் சந்தேகத்துக்கு நேரடியாகப் பதில் தேடியது. தமனியில் எளிதில் கொழுப்புத் திட்டு வரும் எலிகளில் ஒரு பிரிவுக்கு ஆஞ்சியோடென்சின்-2 கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, அழுத்தத்தை ஏற்றும் வேறொரு ஹார்மோனான நார்எபிநெப்ரின். இரண்டு பிரிவிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவுக்கு ஏறியது. திட்டுகளோ ஆஞ்சியோடென்சின் பெற்ற எலிகளில்தான் மிக அதிகம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இது. கேள்வியும் கூர்மை, விடையும் கூர்மை.

எலிக்குச் சரி, மனிதருக்கு? ஏசிஇ-யைத் தடுக்கும் வழியைக் காட்டியது ஜராராகா என்ற பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சு. அதைப் பின்பற்றி உருவான கேப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதன் தம்பி ராமிப்ரிலை 9,297 பேரிடம் சோதித்த 'ஹோப்' ஆய்வு 2000-இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 17.8 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 14 சதவீதம். அழுத்தம் குறைந்ததோ சராசரியாக 3 புள்ளிதான். அழுத்தத்துக்கு அப்பாற்பட்ட பலன் என்று மருத்துவ உலகம் கொண்டாடியது. கொஞ்சம் அவசரப்பட்டார்கள் என்பேன். மாத்திரையை இரவில் விழுங்கச் சொல்லிவிட்டு அழுத்தத்தைப் பகலில் அளந்திருந்தார்கள். சிலரிடம் 24 மணி நேரமும் அளந்தபோது, குறிப்பாக இரவில், அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது தெரிந்தது. ஆக, பலனில் எவ்வளவு ஹார்மோனைத் தடுத்ததால், எவ்வளவு அழுத்தம் குறைந்ததால் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

அப்படியானால் ஹார்மோனை இரண்டு பக்கமும் மடக்கினால் என்ன? ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் ராமிப்ரிலையும் அது செல்களில் ஒட்டுவதைத் தடுக்கும் டெல்மிசார்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது 2008-இல் வெளியான 'ஆன்டார்கெட்' ஆய்வு. கூடுதல் பலன் ஏதும் கிட்டவில்லை. மயக்கமும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின. அந்த ஜோடியை இப்போது சேர்த்து எழுதுவதைத் தவிர்க்கிறார்கள்.