கத்தரிப் பூவை உலுக்கும் தனித் தேனீக்கள்

கத்தரி நன்றாகப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்பது வீட்டுத் தோட்டம் போடுவோர் பலரின் குறை. சூல்தண்டு குட்டையான பூக்கள் இயல்பாகவே உதிரும். நெடிய சூல்தண்டுள்ள பூக்களும் உதிர்ந்தால், செடிக்குத் தேனீ வருகிறதா என்று காலை நேரத்தில் கவனிக்க வேண்டும்.

கத்தரிப் பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் பைக்குள் அடைபட்டு, நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிவரும். காற்றசைவில் ஓரளவு உதிரும். உலுக்கினால் நிறைய உதிரும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வாறு உலுக்கத் தெரியாது. வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட நீலவரித் தேனீ, பூவைப் பற்றிக்கொண்டு மார்புத் தசைகளை அதிரச் செய்கிறது. உரத்த ரீங்காரத்துடன் மகரந்தம் கொட்டுகிறது. தக்காளிப் பூவிலும் இதே வேலை நடக்கிறது.

இது தனித்து வாழும் தேனீ. இதற்கு ராணி இல்லை, அடை இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் மண் சுவரிலோ வெற்றுத் தரையிலோ தானே வளை தோண்டி, அறைதோறும் மகரந்த உணவு வைத்து ஒரு முட்டையிட்டு மூடிவிடும். சாதாரணமாகக் கொட்டுவதில்லை.

முருங்கைப் பூவுக்கு வரும் கருவண்டும் தேனீ இனமே. காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும். துவரைப் பூவை நாடும் இலைவெட்டித் தேனீ, ரோஜா இலையின் ஓரத்தை வட்டமாக நறுக்கிச் சென்று கூட்டறைக்கு உறையாக இடும். இலையைத் தின்பதில்லை, செடிக்குப் பெரிய கேடும் இல்லை. இதைப் புழு வெட்டு என்று கருதி மருந்தடிப்பது, துவரைக்கு உதவும் தேனீயைக் கொல்வதாகும்.

செய்ய வேண்டியவை:

1. தோட்டத்தில் ஓரிடத்தைக் கொத்தாமல், மூடாக்கு இடாமல் விட்டுவைக்கவும்.

2. ஒரு முனை கணுவால் அடைபட்ட, 15 செ.மீ. நீள மெல்லிய மூங்கில் குழல்களைக் கட்டாக்கி, மழை படாத இறவாரத்தில் அசையாமல் கட்டவும்.

3. துளசி, தும்பை போன்றவற்றைப் பூக்க விடவும்.

4. கத்தரியில் தண்டுத் துளைப்பான் தாக்கிய வாடிய நுனிகளைக் கிள்ளி அழிக்கவும். மருந்து தவிர்க்க முடியாதபோது, தேனீ நடமாட்டம் ஓய்ந்த மாலையில் தெளிக்கவும். ஊடுருவிப் பாயும் மருந்துகள் மகரந்தத்திலும் கலக்குமாதலால், பூக்கும் பருவத்தில் அவற்றைத் தவிர்க்கவும்.

பெட்டித் தேனீயை விலைக்கு வாங்கலாம். நீலவரித் தேனீக்கு இடம் விட்டால்தான் உண்டு.