தகர டப்பியும் தேசத்தின் கைத்திறனும்

பிறர் உண்டு எறிந்த பாத்திரத்தைப் பொறுக்கியெடுத்துப் பிழைப்பது தோல்வியுற்ற தேசத்தாருக்கு இழிவா, பெருமையா? இக்கேள்விக்கு ஜப்பானின் சரித்திரத்தில் ஒரு சிறு பொம்மை விடை கூறுகிறது. சுதேசித் தொழிலில் அக்கறையுள்ள ஒவ்வொருவரும் அவ்விடையைச் சிந்திக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

1945 ஆகஸ்டு மாதம் ஜப்பான் சரணடைந்தபோது அதன் நகரங்கள் பல குண்டுவீச்சினால் சாம்பலாகிக் கிடந்தன. ஜனங்களுக்குப் போதிய உணவில்லை, ஆலைகளுக்கு மூலப்பொருளில்லை. உலோகத்தால் விளையாட்டுச் சாமான்கள் செய்வதை யுத்தத்தின் பொருட்டு 1938-லேயே அந்நாட்டுச் சர்க்கார் தடுத்திருந்தபடியால், குழந்தைகளுக்குப் புதிய தகரப் பொம்மை கிட்டுவதும் அரிதாயிருந்தது. வென்று வந்த அமெரிக்கப் படையினரோ, டப்பிகளில் அடைத்த ஆகாரத்தை உண்டு, வெற்று டப்பிகளைக் குவியல் குவியலாக எறிந்தனர்.

அக்குவியலைக் கண்டார் மாட்சுஸோ கொசுகே. டோக்கியோவில் பல்லாண்டு பொம்மைத் தொழில் நடத்திய அவர், அப்போது பீவா ஏரிக்கரையிலுள்ள ஒட்ஸு நகரிலிருந்தார். டப்பிகளைச் சேகரித்துக் கழுவி, வெட்டித் தட்டையாக்கி, வீதிகளில் ஓடிய அமெரிக்க ஜீப் வண்டியின் உருவில் சிறு பொம்மைகள் செய்தார். 1945 டிசம்பரில் கியோட்டோவிலுள்ள மாருபுட்ஸு என்னும் பெருங்கடையில் அவை 10 யென் விலைக்கு வந்தன. வந்தவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. வென்றவனுடைய வண்டி, வென்றவனுடைய டப்பியால், தோற்றவனுடைய குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாயிற்று!

1947-ல் பொம்மைகளை அந்நிய நாடுகளுக்கு அனுப்ப ஜப்பானுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஏற்றுமதிப் பண்டங்களில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று பொறிக்க வேண்டுமென்பது விதி. குழந்தை கையாளும் பொம்மையின் வயிற்றிலும் அடிமை முத்திரை! அந்நிய ஆட்சியை அநுபவித்த நமக்கு அந்த மனவேதனையை எடுத்துரைக்கத் தேவையில்லை. அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டே அத்தொழிலாளர் வேலை செய்தனர். 1952-ல் ஆக்கிரமிப்பு நீங்கிற்று, முத்திரையும் மறைந்தது, தொழில் நிலைத்தது. புதுத் தகரமும், சாவி முடுக்கும் பொறியும், பின்னர் மின்கலமும் கொண்ட ஜப்பானியப் பொம்மைகள் உலகக் கடைவீதிகளை நிரப்பின.

இதைப் படிப்போர், “கழிவுப் பொருளே செல்வம்” என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடும். நாம் அதை ஒப்புக்கொள்ளோம். டப்பி எல்லோருக்கும் பொதுவாகத்தான் கிடந்தது. அதை ஜீப்பாக்கியது எது? தகட்டை அழுத்தும் அச்சைச் செதுக்கத் தெரிந்த கை. ஒரு துண்டின் நாக்கை மற்றொன்றின் துளையில் நுழைத்து மடக்கிப் பற்றவைப்பின்றியே பொருத்தும் பழக்கம். யுத்தம் தொழிலை நிறுத்தியும் மறவாத வித்தை. டப்பி இலவசம், கைத்திறனோ ஒரு தலைமுறையின் சேமிப்பு. மேலும், அவர்கள் டப்பியோடு நின்றுவிடவில்லை. கழிவை எடுத்தது இழிவன்று. என்றென்றும் கழிவிலேயே கிடப்பதுதான் இழிவு.

நமது ஊர்களிலும் எண்ணெய் டின்னை வெட்டிப் புனலும், முறமும், விளக்கும், பெட்டியும் செய்யும் தகரவேலைக்காரர்களை யார் அறியார்? கத்தரியும் சுத்தியலும் மட்டுமே அவர்களுடைய மூலதனம். அவர்களுடைய சாதுரியத்தைப் புகழ்ந்து, பேரம் பேசி இரண்டு காசு குறைத்துக்கொண்டு போவது நமது வழக்கம். அந்தப் புகழ்ச்சியால் அவர்களுக்கு ஆவதென்ன? நல்ல அச்சு, அழுத்தும் யந்திரம், குறைந்த வட்டிக் கடன், சரக்கை விற்றுத்தரும் கூட்டுறவுச் சங்கம்: இவையே அவர்களுக்கு வேண்டியவை. இவற்றைத் தேடிக்கொடுக்க முன்வருவோரே சுதேசித் தொண்டர். ஏழையின் சிக்கனத்தை மெச்சுவதோடு நின்றுவிடுவோர் வெறும் வேடிக்கை பார்ப்போரேயாவர்.