முடிந்த திட்டங்களின் பாடம் எங்கே?

வன்னிக் கிராமம் ஒன்றின் சங்க அலுவலகத்தில் அண்மையில் ஒரு பின்னேரம் இருந்தேன். அலுமாரி நிறையக் கோவைகள். மீள்குடியேறிய காலந்தொட்டு வந்த வீடு, கிணறு, கோழி வளர்ப்பு, தையல் பயிற்சி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கோவை.

"கிணற்று வேலை ஏன் பிந்தினது?" என்று தலைவியிடம் கேட்டேன்.

"அது முந்தின செயலாளருக்குத்தான் தெரியும் பிள்ளை. அவர் இப்ப கனடாவிலை."

கோவையில் பற்றுச்சீட்டுகள், படங்கள், கையொப்பப் பட்டியல்கள் எல்லாம் இருந்தன. நிதி தந்தவர் கேட்டவை அவை. அடுத்த கிணற்றை வெட்டும்போது சங்கத்துக்கு உதவக்கூடிய ஒரு வரிகூட இல்லை.

இதைத்தான் முகாமைத்துவத் துறையில் 'செயற்றிட்ட முகாமைத்துவ முதிர்ச்சி' என்ற அளவுகோலால் பார்க்கிறார்கள். இதன் வேர், 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் வேலைகளை மதிப்பிட உருவான ஐந்து படி மாதிரி. அதற்குப் பணம் கொடுத்தது அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம். பின்னர் அது மற்றத் துறைகளுக்கும் பரவியது.

முதற்படியில் வேலை நடக்கும், ஆனால் கெட்டிக்கார ஆள் ஒருவரை நம்பியே நடக்கும். இரண்டாவதில், ஒருமுறை சரியாகச் செய்ததைத் திரும்பவும் செய்ய முடியும். மூன்றாவதில், எல்லாத் திட்டங்களுக்கும் எழுதப்பட்ட ஒரே நடைமுறை இருக்கும். நான்காவதில், எத்தனை நாள் பிந்தியது, மதிப்பீட்டைவிட எவ்வளவு செலவு கூடியது என்பவை எண்களாகத் தெரியும். ஐந்தாவதில், அந்த எண்களைப் பார்த்து நிறுவனம் தன்னைத் தொடர்ந்து திருத்திக்கொள்ளும்.

நான் பார்த்த பல சங்கங்கள் முதற்படியில்தான் நிற்கின்றன. அதன் விலையைக் கொடுப்பது பயனாளிதான். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா தவணைகளாக வந்தது. ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த தவணை. அந்த இடைவெளியைக் கடக்க நகையை அடகு வைத்த குடும்பங்களைச் சந்தித்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் கை இறுகியது என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். அது எங்கேயும் எழுதப்படாவிட்டால், அடுத்த வீட்டுத்திட்டத்திலும் இன்னொரு குடும்பம் அதே இடத்தில் அகப்படும்.

உங்கள் சங்கத்தை மதிப்பிட வெளியிலிருந்து நிபுணர் வரவேண்டியதில்லை. கடைசி மூன்று திட்டங்களை எடுத்து, பொதுக்கூட்டத்தில் நான்கு கேள்விகள் கேளுங்கள். திட்டமிட்ட நாளும் முடிந்த நாளும் எவை? மதிப்பிட்ட செலவும் உண்மைச் செலவும் எவ்வளவு? வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? செயலாளர் நாளை விலகினால் இவற்றுக்கு யார் பதில் சொல்வார்?

பதில் இல்லையென்றால் ஐந்தாம் படிக்குப் பாயத் தேவையில்லை. ஒரு படி ஏறினால் போதும். திட்டம் முடிந்ததும் ஒரு மணிநேரம் கூடி, அந்தப் பதில்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கோவையின் முன்னால் வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தை எழுதமுன் அதை வாசியுங்கள்.

இதில் ஒரு தடை இருக்கிறது. பிழையை எழுதினால் அடுத்த நிதி கிடைக்காது என்று எங்கள் சங்கங்கள் பயப்படுகின்றன. அந்தப் பயம் காரணமில்லாததல்ல. ஆகவே அந்தப் பக்கம் நிதி தருபவருக்கான அறிக்கையாக இருக்க வேண்டாம். ஆளைக் குற்றஞ்சாட்டும் தாளாகவும் வேண்டாம். அது சங்கத்தின் சொந்த நினைவாக இருக்கட்டும்.

நான் வெளிக்கிடும்போது தலைவி கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் இருந்தன.