பழைய விளையாட்டு, புதிய வாக்குறுதி

பழைய திரைப்படத்தை மீண்டும் திரையிட வேண்டுமானால் படத்தையும் ஒலியையும் சீர்செய்தால் போதும். கணினி விளையாட்டின் நிலை வேறு. அது ஓடிய இயங்குதளம் வழக்கொழிந்திருக்கும். அதன் படங்கள் இன்றைய பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். நிரல் எழுதியவர்களோ ஆளுக்கொரு திசையில் பிரிந்திருப்பர். ஆகவே மறுவெளியீடு என்று சொன்னாலும், உண்மையில் பாதிக்கு மேல் புதிதாகவே கட்ட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிய விளையாட்டு எப்படி இருக்கும் என்று ரசிகருக்குத் தெரியாது. பழைய விளையாட்டையோ அவர் மனப்பாடமாக அறிந்திருக்கிறார். எந்தக் கட்டடம் எந்த வடிவில் இருந்தது, எந்தக் கட்டத்தில் எந்த இசை ஒலித்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவரிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது? இக்கேள்விக்கு 2020ஆம் ஆண்டில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வகையாக விடையளித்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்டுவிட்டுத் தொடங்கிய கதை

'கமாண்ட் அண்ட் கான்கர்' 1995இலும் அதன் உடன்பிறப்பான 'ரெட் அலர்ட்' 1996இலும் வெளிவந்தன. இரண்டையும் உருவாக்கியது அமெரிக்காவின் வெஸ்ட்வுட் நிறுவனம். அதை 1998இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது, 2003இல் மூடிவிட்டது. இந்த வருத்தம் ரசிகர்கள் மனத்தில் நெடுங்காலம் இருந்தது. 2018 ஜூன் மாதத்தில் அதே பெயரில் ஒரு கைப்பேசி விளையாட்டு அறிவிக்கப்பட்டபோது அந்த வருத்தம் கோபமாக வெடித்தது. "எங்களுக்கு வேண்டியது இதுவன்று" என்று இணையமெங்கும் எழுதினார்கள்.

அவ்வாண்டு அக்டோபரில் தயாரிப்பாளர் ஜிம் வெசெல்லா ரெடிட் தளத்தில் ரசிகர்களுக்கு நேரடியாக எழுதினார். பழைய விளையாட்டுகளைக் கணினிக்காகப் புதுப்பிப்பது பற்றி யோசிக்கிறோம், உங்கள் கருத்து என்ன என்பதே அதன் சாரம். அடுத்த மாதமே திட்டம் உறுதியானது. முன்னாள் வெஸ்ட்வுட் பணியாளர்கள் தொடங்கிய பெட்ரோகிளிஃப் நிறுவனம் பொறுப்பேற்றது. பழைய இசையமைப்பாளர் ஃபிராங்க் கிளெபாக்கியும் திரும்ப வந்தார். ஓவியப் பணி மலேசியாவின் லெமன் ஸ்கை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விளையாட்டுக்குள் கூடுதல் பணம் கறக்கும் விற்பனை எதுவும் இராது என்பதும் முதல் நாளிலேயே சொல்லப்பட்டது.

பின்னர் நடந்தவைதான் கவனிக்கத்தக்கவை. அனுபவமிக்க ரசிகர்கள் சிலரைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அவர்கள் இரகசியம் காப்பதாக உடன்பாடு செய்துகொண்டு, முடிவுகள் உறுதியாகும் முன்பே கருத்துச் சொன்னார்கள். குழுவில் இல்லாதவர்களுக்கும் வேலை அவ்வப்போது காட்டப்பட்டது. முதலில் காட்டப்பட்டது ஒரே ஒரு கட்டடத்தின் படம். பழைய வடிவம் மாறாமல் நுணுக்கங்கள் மட்டும் கூடியிருந்தன. அந்த ஒரு படத்தைப் பார்த்ததுமே திட்டத்தின் எல்லை என்ன என்று ரசிகர்கள் புரிந்துகொண்டார்கள்.

கெட்ட செய்தியும் மறைக்கப்படவில்லை. பழைய படக்காட்சிகளின் உயர்தர மூலப்பதிவு கிடைக்கவில்லை. கிடைத்ததையே கணினி நுட்பத்தால் மேம்படுத்தியிருக்கிறோம் என்று வெளிப்படையாகக் கூறினார்கள். உள்ளூர்ப் பிணையத்தில் விளையாடும் வசதி வெளியீட்டு நாளில் இராது, பின்னரே சேர்க்கப்படும் என்பதையும் முன்கூட்டியே அறிவித்தார்கள். முன்பதிவு தொடங்கியது 2020 மார்ச்சில்தான். அதாவது, ஏறத்தாழ பதினாறு மாதங்கள் காட்டிய பிறகே காசு கேட்டார்கள். மே மாதத்தில் மூல நிரலின் முக்கியப் பகுதிகளையும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப் போவதாகச் சொன்னார்கள். ஜூன் 5ஆம் தேதி விளையாட்டு வெளிவந்தது. தனியாக விளையாடும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய தோற்றமும் புதிய தோற்றமும் மாறி மாறித் தெரியும். ஒளிக்க எதுவும் இல்லாதவர்களால்தான் இப்படி ஒரு பொத்தானை வைக்க முடியும். ரசிகர்களின் வரவேற்பு உளமார்ந்ததாக இருந்தது.

காட்டிவிட்டு மாற்றிய கதை

2002இல் வெளிவந்த 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டை 'ரீஃபோர்ஜ்ட்' என்ற பெயரில் புதுப்பிக்கப் போவதாக பிளிசார்ட் நிறுவனம் 2018 நவம்பரில் தன் ஆண்டு விழாவில் அறிவித்தது. மேடையில் புதிய கோணங்களில் அமைந்த ஒரு காட்சி காட்டப்பட்டது. நான்கு மணி நேரத்திற்கும் மேலான கதைக்காட்சிகள் மேம்படுத்தப்படும் என்றும் கூறப்பட்டது. அறிவிப்போடு முன்பதிவும் தொடங்கிவிட்டது.

ஓராண்டில் திட்டம் சுருங்கியது. மூல விளையாட்டின் இயல்பை விட்டு விலக விரும்பவில்லை என்று ஒரு நேர்காணலில் விளக்கம் தரப்பட்டது. ஆனால் மேடையில் முழங்கிய வாக்குறுதியைக் கேட்டவர்கள் எத்தனை பேர்! நேர்காணலில் சொன்ன திருத்தத்தைக் கேட்டவர்கள் எத்தனை பேர்!

2020 ஜனவரி 28இல் விளையாட்டு வெளிவந்தபோது, பெரும்பாலான கதைக்காட்சிகள் பழைய கோணங்களிலேயே இருந்தன. தரவரிசைப் பட்டியல் போன்ற பழைய வசதிகள் காணாமற்போயிருந்தன. புதியதை வாங்காமல் பழைய விளையாட்டையே வைத்திருந்தவர்களின் மென்பொருளும் மாற்றப்பட்டது. மெட்டாகிரிட்டிக் தளத்தில் பயனர் மதிப்பெண் பத்துக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் நிலைக்கு நிறுவனம் வந்தது.

வேறுபாடு எங்கே?

ஓவியர்களின் திறமையில் இல்லை என்று துணிந்து கூறலாம். ஏனெனில், இந்த இரண்டாவது விளையாட்டின் ஓவியப் பணியிலும் லெமன் ஸ்கைக்குப் பங்குண்டு. நம் மண்ணில் வரைந்த கைகள் ஒரே ஆண்டில் பாராட்டையும் வசையையும் சந்தித்தன. திட்டத்தின் உள்ளே பணப் பற்றாக்குறையும் மேலாண்மைக் குழப்பமும் இருந்ததாக 2021இல் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. நல்ல பேச்சு மட்டும் இருந்திருந்தால் அவை தீர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் திட்டம் சுருங்கியது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு அது உரக்கச் சொல்லப்படவில்லை. ரசிகர்களைப் புண்படுத்தியது இதுவே.

இவ்விரு கதைகளிலிருந்தும் சில உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, எதை மாற்றப் போகிறோம் என்பதைக் காட்டிலும் எதை மாற்றமாட்டோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இரண்டாவது, முடிவெடுத்த பின் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு. முடிவுக்கு முன் கேட்பதே கலந்தாலோசனை. மூன்றாவது, வாக்குறுதி எந்த மேடையில் தரப்பட்டதோ, திருத்தமும் அதே மேடையில், அதே குரலில் வர வேண்டும்.

இன்று நம்மிடையே கணினியியல் பயிலும் மாணவர்கள் பலர். நாளை அவர்களுள் சிலர் இத்துறைக்குச் செல்லக்கூடும். நிரல் எழுதும் திறனைப் பல்கலைக்கழகம் கற்றுத்தரும். "இது எங்களால் முடியவில்லை" என்று காத்திருப்போரிடம் உரிய நேரத்தில் சொல்லும் துணிவை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும். பழைய விளையாட்டைத் திரும்பக் கேட்கும் ரசிகர் கேட்பது வெறும் பொழுதுபோக்கை அன்று. தம் இளமையின் ஒரு பகுதியை நம்பி ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதும் தயாரிப்புப் பணியின் ஒரு கூறேயாகும்.