ஆலைக்கு ஏற்ற மின்தேக்கி

விதர்ப்பம், சௌராஷ்டிரம் முதலிய பருத்திப் பிரதேசங்களில் அறுவடை முடிந்ததும் பஞ்சு அரைக்கும் ஆலைகள் இரவு பகலாக ஓடத் தொடங்குகின்றன. கொட்டையினின்று பஞ்சைப் பிரிக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்க, அவற்றை மோட்டார்கள் சுழற்றுகின்றன. மாத முடிவில் வரும் மின்கட்டணச் சீட்டிலே, செலவான யூனிட்டுகளுக்கு மேலாகத் ‘திறன் காரணி குறைவு’ என்று ஒரு தொகை சேர்ந்திருப்பதைக் கண்டு ஆலை அதிபர் திகைப்பது உண்டு. யூனிட்டுகளையே கே.வி.ஏ. மணியில் அளக்கும் மாநிலங்களில் அத்தொகை தனியாகத் தோன்றாது, கட்டணத்துக்குள்ளேயே மறைந்திருக்கும்.

இத்தொகை எதற்காக? இன்டக்ஷன் மோட்டார் இரு வகையில் மின்னோட்டத்தை வாங்குகிறது. ஒரு பகுதி சுமையை இழுக்கும் வேலையைச் செய்கிறது. மற்றொரு பகுதி மோட்டாருக்குள் காந்தப் புலத்தை உண்டாக்குவதற்கு மட்டுமே பயன்படுகிறது. ஒவ்வொரு அலையிலும் சென்று சென்று திரும்பி வருகிறது. வேலை ஒன்றும் செய்யாவிடினும், கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் சூடாக்க அது தவறுவதில்லை. மோட்டார் முழுச் சுமையில் ஓடினாலும் வெறுமனே சுழன்றாலும் இந்தக் காந்தப் பகுதி பெரிதும் மாறுவதில்லை. ஆகவே சுமை குறையக் குறையத் திறன் காரணியும் வீழ்கிறது. ஐந்து குதிரைத் திறன் போதுமான இடத்தில் பத்துக் குதிரைத் திறன் மோட்டாரைப் பொருத்தியிருப்பவர்கள், மின்தேக்கி வாங்குமுன் மோட்டாரைப் பற்றிச் சிந்திப்பதே முறையாகும்.

ஆலைகளில் கண்டென்சர் என்றும் கெப்பாசிட்டர் என்றும் வழங்கும் மின்தேக்கி, மோட்டார் சக்தியைக் கேட்கும் கணத்தில் கொடுத்து, அது திருப்பும் கணத்தில் வாங்கிக்கொள்கிறது. இதனால் மோட்டாருக்குள் ஓடும் மின்னோட்டம் குறைவதில்லை. மின்தேக்கியை இணைத்த இடத்திலிருந்து மின்நிலையம் வரையுள்ள வழியில்தான் பாரம் குறைகிறது. இதைப் பலர் மாறாக எண்ணிவிடுகின்றனர்.

இனி அளவைக் கணிப்போம். ஓர் ஆலையின் சுமை 100 கிலோவாட், மின்னழுத்தம் 415 வோல்ட், திறன் காரணி 0.70 என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மர் தாங்குவது 143 கே.வி.ஏ.; பிரதானக் கம்பியில் ஓடுவது 199 ஆம்பியர். திறன் காரணியை 0.95 ஆக்க வேண்டுமாயின், இரு கோணங்களின் டாஞ்சென்ட் மதிப்புகளின் வித்தியாசத்தைக் கிலோவாட்டால் பெருக்க வேண்டும். அவை 1.02, 0.33, வித்தியாசம் 0.69. எனவே தேவை 69 கே.வி.ஏ.ஆர். அதை இணைத்ததும் டிரான்ஸ்பார்மரின் பாரம் 105 கே.வி.ஏ. ஆகவும், மின்னோட்டம் 146 ஆம்பியராகவும் இறங்கும். கம்பியில் வெப்பமாக வீணாவது முன்னிருந்ததில் 54 சதவீதமே.

அப்படியானால் 1.00 வரை ஏன் உயர்த்தக்கூடாது? அதற்கு இன்னும் 33 கே.வி.ஏ.ஆர். வேண்டும். முதல் 69 கே.வி.ஏ.ஆர். 38 கே.வி.ஏ.வை மிச்சப்படுத்தியது, இந்த 33 மிச்சப்படுத்துவது 5 மட்டுமே.

பெயர்ப்பலகையையும் கவனிக்க வேண்டும். 440 வோல்ட்டுக்குச் செய்த 25 கே.வி.ஏ.ஆர். மின்தேக்கி, 415 வோல்ட்டில் 22 கே.வி.ஏ.ஆர். தான் கொடுக்கும், ஏனெனில் அதன் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அத்தகைய மூன்றை வாங்கியவருக்கு 75 கிடைப்பதில்லை. 67 தான் கிடைக்கும். திறன் காரணி 0.94-இலேயே நின்றுவிடும். ஆண்டுச் சராசரியைக் கட்டணச் சீட்டிலிருந்து எடுத்துக் கணக்கிடுவதும் ஏமாற்றும். ஆலை முழுவதும் ஓடும் வேளையிலும், பாதி நிற்கும் வேளையிலும் தனித்தனியே அளந்து பார்ப்பது அவசியம்.

மிகுதியும் தீங்கே. மோட்டாரின் முனையிலேயே மின்தேக்கியை இணைப்பதானால், அதன் அளவு மோட்டார் வெறுமனே ஓடும்போது வாங்கும் கே.வி.ஏ.வில் 90 சதவீதத்தைத் தாண்டலாகாது. வெறும் ஓட்டத்தில் 3 ஆம்பியர் வாங்கும் மோட்டாருக்கு இது 1.9 கே.வி.ஏ.ஆர். ஆகும். தாண்டினால், ஸ்விட்சை நிறுத்திய பின்பும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார், மின்தேக்கியிடம் காந்தத்துக்கு வேண்டியதைப் பெற்று, தானே ஜெனரேட்டராக மாறிவிடும். அப்போது எழும் மிகை மின்னழுத்தம் மோட்டாரின் சுருளையும் மின்தேக்கியையும் கெடுக்கக்கூடும்.

வேகத்தை மாற்றும் மின்னணுச் சாதனங்கள் மிகுந்த ஆலைகளில் வேறொரு தொல்லை உண்டு. அவை உண்டாக்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டங்களும் மின்தேக்கியும் ஒத்ததிர்ந்துவிடலாம். அங்கே மின்தேக்கியோடு 7 சதவீத ரியாக்டரைத் தொடராக இணைப்பது வழக்கம். மின்தேக்கியின் மேல் மின்னழுத்தம் அதனால் சற்று உயருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மீண்டும் பஞ்சு ஆலைக்கே வருவோம். பருவம் முடிந்து இயந்திரங்கள் ஓய்ந்த பின், காவற்காரரின் விளக்கு மட்டும் எரிய, 67 கே.வி.ஏ.ஆர். மின்தேக்கி மாதக்கணக்கில் இணைந்தே இருப்பதுண்டு. அப்போது திறன் காரணி முந்தும் பக்கத்தில் வீழ்கிறது. அதையும் கணக்கிற் கொள்ளும் மாநிலங்களில் கட்டணம் மறுபடியும் ஏறுகிறது. சுமைக்கேற்பப் படிப்படியாக இணைத்தும் விலக்கியும் இயங்கும் ரிலே இதற்குப் பரிகாரம். அது இல்லாத இடத்தில், ஓய்வுக் காலத்தில் மின்தேக்கியின் ஸ்விட்சை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பின்னும் அதில் மின்னேற்றம் எஞ்சியிருக்குமாதலால், சில நிமிஷங்கள் பொறுத்து, மீட்டரால் சோதித்து, முனைகளைக் குறுக்கிணைத்து நிலத்தோடு சேர்த்த பிறகே அதைத் தொடலாம்.