சட்டம் கற்றவரும் நாட்டின் கருவூலமும்

நுழையும்முன்

வீட்டில் செலவிடும் பணத்திற்கு வீட்டார் கணக்குக் கேட்பர். நாட்டு மக்கள் அனைவரும் வரியாகச் செலுத்திய பணத்திற்கு யார் கணக்குக் கேட்பது? அப்பணத்தைத் திரட்டவும் செலவிடவும் அரசுக்கு உரிமை எங்கிருந்து வந்தது? பொருளியல் தொடர்பானவையாகத் தோன்றும் இவ்வினாக்களுக்குச் சட்டமும் விடை கூற வேண்டியுள்ளது. சட்டம் பயின்று, பொதுநிதித் துறையில் உயர்ந்து, விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் வாழ்வின் வழியே அவ்விடையை அறிவோம்.

கோவை தந்த வழக்கறிஞர்

சண்முகம் 1892-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் கற்ற அவரை வழக்குமன்றத்தைவிட மக்கள் மன்றமே மிகுதியாக ஈர்த்தது. 1917-இல் கோவை நகராட்சி உறுப்பினரானார். தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு போன்ற அன்றாடத் தேவைகளுக்கு வரிப்பணத்தைப் பகிர்ந்தளிக்கும் நகராட்சியே பொதுநிதியின் தொடக்கப்பள்ளி எனலாம். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்திலும், 1924 முதல் பத்தாண்டுகள் தில்லி மத்தியச் சட்டமன்றத்திலும் பணியாற்றினார். 1933-இல் அம்மன்றத்தின் தலைவராகவும் அமர்ந்தார்.

சட்டப்பயிற்சி ஒருவருக்கு மூன்று வினாக்களைப் பழக்கமாக்குகிறது. இதைச் செய்ய அதிகாரம் உண்டா? எந்த நோக்கத்திற்காகச் செய்யப்படுகிறது? தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? இம்மூன்றும் பணத்தின்பால் திரும்பும்போது பொதுநிதி நிருவாகம் பிறக்கிறது. சண்முகத்தின் பொதுவாழ்வில் இவ்வினாக்கள் அடுத்தடுத்து எழுவதைக் காணலாம்.

துறைமுகமும் மூன்று அரசுகளும்

1935 முதல் 1941 வரை அவர் கொச்சி நாட்டின் திவானாகப் பணியாற்றினார். ஆழமற்ற உப்பங்கழியை அகழ்ந்து கொச்சியைப் பெரிய துறைமுகமாக்கும் பணி, பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் ஏற்கெனவே நடந்து வந்தது. கடலடி மணலை எந்திரம் அகற்றிவிடும். ஆனால், துறைமுகத்தில் திரளும் வருவாய் யாருக்கு உரியது என்பதை எந்திரம் தீர்மானிக்க முடியாது. கொச்சி, திருவிதாங்கூர், பிரித்தானிய இந்தியா என மூன்று அரசுகள் அத்துறைமுகத்தோடு தொடர்பு கொண்டிருந்தன. எனவே, சுங்கவரியைப் பகிர்வதற்கும் நிருவாகத்தை நடத்துவதற்கும் உடன்படிக்கைகள் தேவைப்பட்டன.

பொருளாதார வளர்ச்சியின் இயல்பை இந்நிகழ்வு நன்கு விளக்குகிறது. பாலமும் அணையும் துறைமுகமும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் ஒப்பந்தங்கள் தெரிவதில்லை. யார் முதலிடுவது, யார் பயன்பெறுவது, இழப்பு வந்தால் யார் ஏற்பது என்பன தெளிவாக எழுதப்படாவிடில் கட்டிய துறைமுகமும் வழக்குக்கே இடமாகும்.

ஒரு சொல்லின் விலை

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944 சூலையில், அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்னும் ஊரில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். பன்னாட்டுப் பண நிதியமும் உலக வங்கியும் அங்குதான் கருக்கொண்டன. ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையிலான இந்தியக் குழுவில் சி.து. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராப் ஆகியோருடன் சண்முகமும் இடம்பெற்றிருந்தார்.

அடிமை நாடாக இருந்தபோதும் இந்தியாவுக்கு அங்கு உரைக்க வேண்டிய வழக்கு ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் பிரித்தானியா இந்தியாவிடமிருந்து பெற்ற பொருள்களுக்கும் பணிகளுக்கும் உடனடியாகப் பணம் தரவில்லை. இலண்டனில் கடனாகப் பதிவு செய்துகொண்டது. 'ஸ்டெர்லிங் இருப்பு' எனப்பட்ட அத்தொகை, போரின் முடிவில் ஏறத்தாழ 1,300 மில்லியன் பவுனை எட்டியது. வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட காலத்தில் சேர்ந்த தொகை அது! கடனைத் தீர்க்கப் பன்னாட்டு நிதியம் துணைபுரிய வேண்டும் என்ற இந்தியக் குழுவின் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது என அது ஒதுக்கப்பட்டது.

எனினும், குழுவினரின் உழைப்பு வீணாகவில்லை. வளர்ச்சி குன்றிய நாடுகளின் நலனும் நிதியத்தின் நோக்கங்களுள் இடம்பெற வேண்டும் என அவர்கள் வாதிட்டனர். உறுப்பு நாடுகள் அனைத்தின் ஆக்க வளங்களையும் வளர்த்தல் என்னும் கருத்து நோக்கவிதியில் இடம்பெற்றது. நிதியத்தில் இந்தியாவுக்கு 400 மில்லியன் டாலர் பங்கு ஒதுக்கப்பட்டது. அது ஆறாவது பெரிய பங்காகும். சோவியத் ஒன்றியம் நிதியத்தில் சேராமையால் இந்தியா ஐந்தாம் இடம் பெற்று, செயற்குழுவில் தனியிடமும் எய்தியது. விதியில் இடம்பெறும் ஒரு சொல் பிற்காலத்தில் ஒரு நாட்டின் உரிமையாக மாறும் என்பதை இதனால் உணரலாம்.

முதல் நிதிநிலை அறிக்கை

விடுதலைக்குப்பின் நேரு தலைமையில் அமைந்த அமைச்சரவையில் சண்முகம் நிதியமைச்சரானார். 1947 நவம்பர் 26 அன்று விடுதலை இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை மன்றத்தில் அளித்தார். 1947 ஆகஸ்டு 15 முதல் 1948 மார்ச் 31 வரையிலான ஏழரை மாதங்களுக்கு உரியது அவ்வறிக்கை. எல்லைகள் பிரிந்து, ஏதிலிகள் பெருகி, உணவுப் பஞ்சம் அச்சுறுத்திய காலம் அது.

மதிப்பிடப்பட்ட வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். பற்றாக்குறை 26.24 கோடி ரூபாய். செலவில் பாதுகாப்புக்கு 92.74 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இஃது ஏறத்தாழப் பாதியாகும். ஏதிலிகளின் மீட்புக்கும் துயர்துடைப்புக்கும் 22 கோடி ரூபாயும், உணவுத் தானிய மானியத்திற்கு 22.52 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. பருத்தித் துணி, நூல் ஏற்றுமதிமீது விதிக்கப்பட்ட வரியால் 1.65 கோடி ரூபாய் கிடைக்கும் எனக் கணக்கிட்டு, பற்றாக்குறை 24.59 கோடி ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

இவ்வெண்களை வெறும் கூட்டல் கழித்தலாகக் கருதலாகாது. எல்லையைக் காப்பதா, வீடிழந்தவருக்கு உறைவிடம் தருவதா, பசித்தவருக்கு மலிவு விலையில் தானியம் அளிப்பதா என்னும் கடினமான தெரிவுகள் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் நிற்கின்றன. நிதிநிலை அறிக்கையைப் படிக்கக் கற்பவர், ஓர் அரசு எதை முதன்மையாக மதிக்கிறது என்பதைப் படிக்கக் கற்கிறார்.

தொழில்வளர்ச்சிக்கு நெடுங்காலக் கடன் வேண்டும். வைப்பாளர் கேட்கும்போது பணத்தைத் திருப்பித் தரவேண்டிய வணிக வங்கிகளுக்கு அத்தகைய கடன் வழங்குவது எளிதன்று. அக்குறையை நீக்க, சண்முகம் பொறுப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில் நிதிக்கழகம் சட்டத்தின்வழி நிறுவப்பட்டது.

பொறுப்பு என்னும் விதி

போர்க்காலத்தில் ஈட்டிய வருமானத்திற்கு வரி ஏய்த்தோரைக் கண்டறிய, 1947-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. அவ்வாணையத்திற்கு அனுப்பப்பட்ட வழக்குகளுள் சில திரும்பப் பெறப்பட்டமை மன்றத்தில் பெருஞ்சர்ச்சையாயிற்று. துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்த சண்முகம், 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். ஓராண்டே நீடித்தது அவர்தம் அமைச்சர் பணி.

மூன்றாம் வினா இங்கு அவரை நோக்கியே திரும்பியதைக் காண்கிறோம். துறையில் நிகழ்வது எதுவாயினும் மன்றத்திற்கு விடை கூற வேண்டியவர் அமைச்சரே. திறமை, புகழ், முன்னைய பணி ஆகிய எவையும் இவ்விதிக்கு விலக்காகா. மக்களாட்சியில் கருவூலத்தின் சாவியை வைத்திருப்பவரும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரே.

நாம் பெற்ற அரண்

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம் இக்கருத்துகளை விதிகளாகவே வகுத்துள்ளது. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கப்படலாகாது என்கிறது 265-ஆம் கூறு. ஆண்டுதோறும் வரவு செலவு மதிப்பீட்டை நாடாளுமன்றத்தின்முன் வைக்கப் பணிக்கிறது 112-ஆம் கூறு. செலவானபின் ஆய்ந்து அறிக்கை தரக் கணக்குத் தணிக்கைத் தலைவர் உள்ளார். அதிகாரம், நோக்கம், பொறுப்பு என்னும் மூன்று வினாக்களும் இவ்வாறு நிலைபெற்றன.

சண்முகம் தமிழிசை வளர்ச்சிக்கும் தொண்டாற்றினார். சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்திற்கு உரையும் எழுதினார். 1953-இல் மறைந்தார். கடல்வணிகத்தால் செழித்த புகாரைப் பாடும் காண்டத்திற்கு, துறைமுக நாடொன்றை நிருவகித்தவர் உரை கண்டது பொருத்தமே.

மாணவர்களே! நாளை நீங்கள் வழக்கறிஞராகலாம், பொருளியல் அறிஞராகலாம், வணிகராகலாம். எத்துறையில் இருப்பினும் வரி செலுத்துபவராக இருப்பீர்கள். கடையில் ஒரு பேனா வாங்கும்போதே அப்பொறுப்பு தொடங்கிவிடுகிறது. ஆகவே, பொதுப்பணத்தைப் பற்றி வினா எழுப்புவது உங்கள் உரிமை. விடையைப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்பது உங்கள் கடமை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியின் ஓராண்டு வரவு செலவு விவரத்தைப் பெற்று, எச்செலவுக்கு முதன்மை அளிக்கப்பட்டுள்ளது எனக் கண்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.